மூணாம் நம்பர் நாற்காலி

நாற்காலியோட பஸ் ஏறுறவளை எந்த ஊர்லயும் சும்மா விட மாட்டாங்க. "உக்கார எடம் கிடைக்காதுன்னு வீட்டுல இருந்தே கொண்டாந்துட்டியா?"ன்னு டிரைவர் கேப்பார். தினமும் அதே டிரைவர், தினமும் அதே கேள்வி, சிரிப்பு வர்றது அவருக்கு மட்டும். அவ வாயைத் திறக்க மாட்டா. ஒரு தோள்ல பட்டை போட்டுத் தொங்கவிட்ட மர நாற்காலி, இன்னொரு தோள்ல அளவுச் சாமானெல்லாம் போட்ட பை. ஆபீஸ்ல அவளுக்கு நத்தைன்னு பேர் வச்சதுல என்ன தப்பு?

அவ பாக்குற வேலை இதுதான். அந்த ஊர்ல இருபத்தோரு வருஷமா ஒரு ஆய்வு நடக்குது. அப்போ அறுபது வயசைத் தொட்டுக்கிட்டிருந்த ஆயிரத்து இருநூறு பேரைப் பேர் எழுதி வச்சு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வீடு தேடிப் போய் அளக்கிறது. கை எவ்வளவு இறுக்குது, நாலு மீட்டர் நடக்க எத்தனை செகண்டு ஆகுது, பத்து வார்த்தை சொன்னா அதுல எத்தனை ஞாபகம் நிக்குது, இப்படி. நடுவுல புது ஆளைச் சேர்க்கிற பேச்சே கிடையாது. ஆயிரத்து இருநூறு பேர் இப்ப ஐநூத்துச் சொச்சம். மனுஷனுக்கு வயசு எப்படி ஆகுதுன்னு தெரியணும்னா, கூடவே இருந்து வயசாகணும். குறுக்கு வழி இல்ல.

இது எட்டாவது சுத்து. அதுல தொண்ணூத்தி மூணு பேரு நத்தையோட பங்கு.

அளக்கிறதுக்கு ஒரு விதிப் புத்தகம் உண்டு. அதுல முதல் வரியே, "எதையும் மாத்தாதே." அதே ஸ்டாப்வாட்ச், அதே கயிறு, அதே நாற்காலி. வாயில இருந்து வர்ற வார்த்தை கூட எழுதி வச்சதுதான் வரணும். "தயாரா? எழுந்திரிங்க." முடிஞ்சதும், "நன்றி. இந்தச் சோதனை முடிஞ்சது." அவ்வளவுதான். சபாஷ் சொல்லக் கூடாது, ஐயோ சொல்லக் கூடாது. ஒருத்தரைத் தட்டிக் கொடுத்துட்டு இன்னொருத்தரைச் சும்மா விட்டா கணக்கு கோணிடும். போன தடவை அவங்க எத்தனை செகண்டுன்னு அளக்கிறவளுக்குக் காட்டவும் மாட்டாங்க. தெரிஞ்சா கை தன்னால சாயுமாம்.

நத்தைக்கு இந்த விதியெல்லாம் ரொம்பப் பிடிக்கும். புது ஊரு, புது மனுஷங்க, எதைப் பேசினா தப்பு எதைப் பேசினா சரின்னு தெரியாம நாள் முழுக்க நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிற பொண்ணுக்கு, பேச வேண்டியதை ஒருத்தர் எழுதியே கொடுத்துட்டா அதைவிட நிம்மதி என்ன?

அவ அங்க வந்து ஒண்ணரை வருஷம் ஆகுது. அக்கா வீட்டு ஹால்ல, சோபாவுலதான் படுக்கை. வேலைக் கடுதாசி இந்த மாசக் கடைசியோட முடியுது. ஆய்வை நடத்துற டாக்டரம்மா அதைப் புதுப்பிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் அந்த நாட்டுல தங்குறதுக்கான அவளோட குடியிருப்பு அட்டைக்கு உயிர். போடலைன்னா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்தக் கடுதாசி டாக்டரம்மா மேசையில, தாள் பறக்காம இருக்க வச்ச கண்ணாடிக் குண்டுக்கு அடியில கிடக்குது. ஒவ்வொரு தடவை அந்த ரூம்பைத் தாண்டும்போதும் எட்டிப் பாப்பா. இன்னும் கையெழுத்து விழலை.

அந்தத் திங்கக்கிழமை காலையில அவ போனது நானூத்திப் பதினேழாம் நம்பர் வீட்டுக்கு. மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. நானூத்திப் பதினேழு ஒரு தையல்காரம்மா, வயசு எண்பத்தொண்ணு. கடையை மூடிப் பத்து வருஷமாச்சு, ஆனா கழுத்துல அளவு நாடா இன்னும் தொங்குது. அது இல்லாம வெளிய வந்தா துணியில்லாம வந்த மாதிரி இருக்குமாம்.

"வந்துட்டியா? செருப்பைக் கழட்டாதே, தரை சில்லுன்னு இருக்கு. எதை முதல்ல பிடிக்கணும், கையா காலா?"

கைப்பிடி நல்லா வந்துச்சு. நடையும் வந்துச்சு. பத்து வார்த்தையில ஏழு. அப்புறம் நாற்காலி. சுவத்தோரமா போட்டு, கையை நெஞ்சுக்குக் குறுக்கே மடக்கிக்கிட்டு, அஞ்சு தடவை எழுந்து உக்காரணும். கையை ஊனினா செல்லாது.

"தயாரா? எழுந்திரிங்க."

ஒண்ணு. ரெண்டு. மூணாவதுக்குப் பாதி எழுந்து, தொடை நடுங்கி, தொப்புன்னு உக்காந்துட்டாங்க. முகமெல்லாம் சிவந்து போச்சு.

"நன்றி. இந்தச் சோதனை முடிஞ்சது."

"என்ன முடிஞ்சது? நான் இன்னும் முடிக்கலையே!"

"ரெண்டு வாரத்துக்குள்ள இன்னொரு தடவை வருவேன்மா. அப்ப பண்ணலாம்."

"அப்பவும் முடியலைன்னா?"

இதுக்கும் புத்தகத்துல பதில் இருந்துச்சு. தயங்கித் தயங்கிச் சொன்னா. ரெண்டு தடவையும் முடியலைன்னா, அளவெல்லாம் எழுதுற பாரத்துல 'முடியாதவர்'னு எழுதணும். அதுக்கப்புறம் வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க. வருஷத்துக்கு ஒரு போன், அவ்வளவுதான்.

"எதுக்குப் போன்? உயிரோட இருக்கேனான்னு கேக்கவா? நானே எடுத்து 'இல்லம்மா, போய்ச் சேர்ந்துட்டேன்'னு சொல்றேன், எழுதிக்கோ." தையல்காரம்மா நாற்காலியை ஒரு பார்வை பாத்தாங்க. திருட்டு வேலைக்காரனைப் பாக்குற பார்வை. "போன தடவை அஞ்சும் பண்ணினேன். நானே எண்ணினேன், பதினெட்டு செகண்டு. என் காலு எனக்குத் தெரியும். கோளாறு உன் நாற்காலியில."

நத்தைக்கு இது பழகிப் போன பாட்டு. ஒருத்தர் மழையைச் சொல்வார், ஒருத்தர் மாத்திரையைச் சொல்வார், ஒருத்தர் மருமகளைச் சொல்வார். அவ ஸ்டாப்வாட்சைப் பையில போட்டா. அதுக்குள்ள தையல்காரம்மா அலமாரியைத் திறந்து எதையோ உருவ ஆரம்பிச்சுட்டாங்க. நாலு போர்வை கீழ விழுந்துச்சு, அஞ்சாவதா ஒரு நீலத்துணி வந்துச்சு. வெள்ளைப் பொட்டு போட்ட நீலம்.

"முதல் தடவை ஒருத்தி வந்தா பாரு, குச்சி மாதிரி, முடியைக் கட்டையா வெட்டிக்கிட்டு. 'அடுத்த வாரமும் வருவேன், ரத்தம் எடுக்கணும்'னா. இந்த நாற்காலி மொட்டைக்கட்டையா நிக்குதேன்னு எனக்கு மனசு கேக்கல. அளவெடுத்து வச்சு, அவ வர்றதுக்குள்ள ஒரு உறை தச்சுட்டேன். நாலு பக்கமும் பாவாடை வச்சு, தரையைத் தொட்டும் தொடாம. அவ என்ன பண்ணினா தெரியுமா? 'நாற்காலியில எதையும் போடக் கூடாதும்மா, விதி'ன்னுட்டா. மூஞ்சில அடிச்ச மாதிரி. இருபத்தோரு வருஷமா உள்ள கிடக்குது."

பேசிக்கிட்டே உறையை நாற்காலி மேல மாட்டினாங்க. உக்காருற பலகையில கச்சிதமா உக்காந்துச்சு. மூலை நாலும் சரியா வந்துச்சு. ஆனா கீழ பாவாடை தரையில புரண்டுச்சு. ரெண்டு விரக்கடைத் துணி, சுத்திவர, மடிஞ்சு கிடந்துச்சு.

நத்தை குனிஞ்சு அந்த மடிப்பைத் தொட்டுப் பாத்தா.

"துணி சுருங்கும்," தையல்காரம்மா மெதுவா சொன்னாங்க. "நீளுமா?"

நாடாவைக் கழட்டி, குனிய முடியாம நத்தை கையில கொடுத்தாங்க. பலகையில இருந்து தரைக்குப் பதினாறே கால் இஞ்சு. உறையோட பாவாடையை மடியில போட்டு அவங்களே அளந்தாங்க. பதினேழே முக்கால்.

"ஒண்ணரை இஞ்சு! ஏம்மா, எனக்கு வயசாச்சுன்னு என்னை அளக்க வந்தியே, உன் நாற்காலிக்கு வயசானதை யாரு அளந்தா?"

உயரம் குறைஞ்ச நாற்காலியில இருந்து எழுந்திரிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு தெரிய டாக்டர் படிப்பு வேண்டாம், குள்ள ஸ்டூல்ல உக்காந்து பாத்தவங்களுக்கே தெரியும். நத்தை இந்தச் சுத்துல தொண்ணூறு பேரை இதே நாற்காலியில உக்கார வச்சிருக்கா. அதுல பதினோரு பேருக்கு முதல் தடவை முடியலை. நாலு பேருக்கு ரெண்டாவது தடவையும் முடியலை. அந்த நாலு பேருக்கும் 'முடியாதவர்'னு அவ கையாலதான் எழுதினா. ஒருத்தர் அழுதார்.

"இந்த உறையை நான் எடுத்துட்டுப் போகட்டுமாம்மா?"

"எடுத்துட்டுப் போ. திருப்பிக் கொண்டாரணும். வரும்போது ஒழுங்கான நாற்காலியோட வா."

ஆபீஸ் ஸ்டோர் ரூம்ல ரிப்பேர் அண்ணன் இருந்தார். ஆய்வு ஆரம்பிச்ச நாள்ல இருந்து சாமானுக்கெல்லாம் அவர்தான் காவல். ஸ்டாப்வாட்சுக்கு பேட்டரி, கைப்பிடி மெஷினுக்கு எண்ணெய், நாலு நாற்காலிக்கும் சகல சேவையும் அவர் பொறுப்பு. நத்தை நாற்காலியைத் தலைகீழா கவுத்தி வச்சுட்டு, "அண்ணே, இதோட காலை யாராவது வெட்டினாங்களா?"ன்னா.

"யாராவதா? நான்தான்." மனுஷன் ஒளிக்கவே இல்ல. பெருமையா சொன்னார். "ஒவ்வொரு சுத்து ஆரம்பிக்கும் முன்னாடியும் அந்தா கிடக்குதே, அந்த மட்டக் கல்லு மேல வச்சுப் பாப்பேன். ஆடினா, எந்தக் கால் நீளமோ அதைக் கொஞ்சம் அறுப்பேன். அப்புறம் எதிர்க்கால் நீளமாத் தெரியும். அதைக் கொஞ்சம். ஆட்டம் நிக்குற வரைக்கும் விட மாட்டேன்."

"பூனைக்குப் பங்கு போட்ட குரங்கு மாதிரியா அண்ணே?"

"ஏய், என்ன பேச்சு இது? ஆடுற நாற்காலியில வயசானவங்களை உக்கார வச்சு, ஒருத்தர் இடுப்பை உடைச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது? விதிப் புத்தகத்துலயே இருக்கு, 'நாற்காலி ஆடக் கூடாது'ன்னு. எல்லாம் ஒழுங்காத்தான் பண்ணியிருக்கேன். அறுத்து முடிச்சதும் காலடியில நாற்காலி நம்பரும் எந்தச் சுத்துங்கிறதும் எழுதிடுவேன். பாரு."

பாத்தா. நாலு காலுக்கு அடியிலயும் மை பேனாவுல, மூணு, எட்டு. மூணாம் நம்பர் நாற்காலி, எட்டாவது சுத்து.

"அறுத்த துண்டெல்லாம் எங்கண்ணே?"

"நல்ல மரத்தைத் தூக்கிப் போடுவாங்களா? காத்துல அடிக்கிற ஜன்னலுக்கெல்லாம் முட்டுக் கொடுத்திருக்கேன். இந்தக் கட்டிடத்துல எந்த ஜன்னலாவது ஆடுதா சொல்லு?" சொல்லிட்டு நத்தை முகத்தைப் பாத்தார். அப்புறம்தான் அவர் குரல் இறங்குச்சு. "ஏன்... தப்பாப் போச்சா?"

யாரைக் குத்தம் சொல்றது? இருபத்தோரு வருஷமா எல்லாரும் நாற்காலியை மாத்திடக் கூடாதுன்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுக் காவல் காத்தாங்க. மாத்தாமலே அது மாறும்னு ஒருத்தருக்கும் தோணலை.

சாயங்காலம் அக்காகிட்ட சொன்னா. சொல்லாம இருந்திருக்கலாம்.

"உனக்கு ஏன்டி இந்த வேண்டாத வேலை?" அக்கா துவைச்ச துணியை மடிச்சுக்கிட்டே ஆரம்பிச்சா. "ஊரான் வீட்டு நாற்காலி குட்டையானா உனக்கென்ன, நெட்டையானா உனக்கென்ன? வெள்ளிக்கிழமை கையெழுத்து ஆகட்டும், சனிக்கிழமை போய்ச் சொல்லு."

"வெள்ளிக்கிழமை நானும் ஒரு கையெழுத்துப் போடணும்க்கா. இதுவரைக்கும் அளந்ததெல்லாம் விதிப்படி சரியா அளந்ததுன்னு. அன்னிக்குத்தான் பணம் தர்ற கமிட்டி வருது. டாக்டரம்மா அந்தக் கணக்கைத்தான் காட்டப் போறாங்க."

"போடு! போட்டா என்ன, கை தேஞ்சு போயிடுமா? அங்க அம்மாவுக்கு யாரு போன் பண்ணி, 'உன் சின்னப் பொண்ணு ஒரு நாற்காலிக்காகத் திரும்பி வர்றா'ன்னு சொல்றது? நானா, உன் மாமாவா?"

மாமா பேப்பருக்குப் பின்னாடி இருந்து, "என்னை இழுக்காதே"ன்னார்.

"அழுதார்க்கா ஒருத்தர்," நத்தை சொன்னா. "முடியாதவர்னு நான் எழுதினப்ப. அவருக்கு முடியும்க்கா. நாற்காலிக்குத்தான் முடியலை."

அக்கா ஒரு துண்டை மூணு தடவை பிரிச்சு மடிச்சா. அப்புறம், "உன்னை இங்க கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்"னுட்டு உள்ள போயிட்டா.

புதன்கிழமை நத்தை டாக்டரம்மா ரூம்புக்குப் போனா, நாற்காலியும் உறையுமா. உள்ள கணக்குப்புலியும் இருந்தான். ஆயிரக்கணக்கான பாரத்தை கம்ப்யூட்டர்ல போட்டுக் கோடு வரையிறவன். சுவத்துல டாக்டரம்மா தலைக்கு மேல, சட்டம் போட்டு மாட்டின ஒரு கோடு. ஆய்வோட பெருமையே அதுதான். எழுபத்தஞ்சு வயசு வரைக்கும் கால் பலம் மெதுவா இறங்கும், அதுக்கப்புறம் பள்ளத்துல விழுந்த மாதிரி சரசரன்னு இறங்கும். அதைப் பாக்கத்தான் கமிட்டி வருது. இன்னும் பத்து வருஷத்துக்குப் பணம் அதை நம்பித்தான்.

நத்தை முழுசா சொல்லி முடிக்கிற வரைக்கும் டாக்டரம்மா பேனாவைத் திருகிக்கிட்டே இருந்தாங்க.

"எட்டாவது சுத்துல ஒரு பாட்டியம்மாவுக்கு எழுந்திரிக்க முடியலை. நாற்காலி சரியில்லன்னு சொல்றாங்க. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். நீ அதை நம்பிட்டே."

"நம்பல மேடம். நானும் அதைத்தான் நினைச்சேன். அப்புறம் மேடையை அளந்து பாத்தேன். நிஜமாவே கோணல்."

கணக்குப்புலிக்குச் சிரிப்பு வந்துடுச்சு, இருமலா மாத்திக்கிட்டான்.

நத்தை நாற்காலியை மேசைக்கு முன்னாடி வச்சு, நீல உறையை மாட்டினா. பாவாடை தரையில புரண்டுச்சு. டாக்டரம்மா கையில பேனா நின்னுடுச்சு. துணியைத்தான் பாத்தாங்க, நாற்காலியைப் பாக்கல.

"இது... அந்தத் தையல் கடை வீடா?"

"ஆமா மேடம். குச்சி மாதிரி ஒருத்தி வந்து வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாளாம்."

குச்சி மாதிரி இருந்தவங்களுக்கு இப்ப வயசு ஐம்பத்தெட்டு. எழுந்து வந்து பாவாடை ஓரத்தை விரல்ல எடுத்துப் பாத்தாங்க. ரொம்ப நேரம். அப்புறம் மறுபடி மேசைக்குப் பின்னால போய் உக்காந்து டாக்டரம்மாவா பேசினாங்க.

"கேளு. விதியில நாற்காலி நம்பர்தான் இருக்கு, உயரம் இல்ல. நீ மூணாம் நம்பர்லதான் அளந்தே. அப்ப விதிப்படிதான் அளந்தே. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடலாம், அதுல பொய்யே இல்ல. கமிட்டி போகட்டும். திங்கக்கிழமை நாலு நாற்காலியையும் பாப்போம்."

எவ்வளவு அழகா ஒரு கதவு திறந்து கொடுத்தாங்க! பொய் சொல்ல வேண்டாம், வேலையும் போகாது, அக்காவும் திட்ட மாட்டா. நத்தை கண்ணு தன்னால கண்ணாடிக் குண்டுக்கு அடியில இருந்த கடுதாசிக்குப் போச்சு.

"போடலாம் மேடம். ஆனா போட மாட்டேன்."

"என்ன?"

"அந்தக் கையெழுத்தைப் பாக்குறவங்க, எல்லாருக்கும் ஒரே உயரம்னு நினைப்பாங்க. நினைக்கட்டும்னுதானே அந்தத் தாளே இருக்கு? நாலு பேரை நான் முடியாதவங்கன்னு எழுதிட்டேன். இனிமே அவங்க வீட்டுப் படியில நம்ம ஆள் யாரும் ஏறப் போறதில்ல. திங்கக்கிழமை பாக்கலாம்னா, வெள்ளிக்கிழமை நீங்க காட்டப் போற கோட்டுல அந்த நாலு பேரும் விழுந்து கிடப்பாங்க."

"இருபத்தோரு வருஷம் இது! உனக்குத் தெரியுமா இருபத்தோரு வருஷம்னா என்னன்னு? நீ பொறந்தப்ப நான் மாடிப்படி ஏறிக்கிட்டிருந்தேன். பணம் நின்னா எல்லாம் நின்னுடும். ஐநூறு பேரையும் பாதியில விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

"குட்டை நாற்காலியில உக்கார வச்சு விடுறதைவிட, நிக்க வச்சே விடலாம் மேடம்."

இதை எப்படிச் சொன்னோம்னு அவளுக்கே தெரியாது. சொன்னதுக்கப்புறம் தலைக்கு மேல வெள்ளம், சாண் போனா என்ன முழம் போனா என்ன. விறுவிறுன்னு ஜன்னல்கிட்ட போனா. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல சொருகியிருந்த மரச்சில்லைப் பிடிச்சு இழுத்தா. ஜன்னல் படார்னு அடிச்சு, மேசை மேல இருந்த தாளெல்லாம் பறந்துச்சு. கண்ணாடிக் குண்டுக்கு அடியில இருந்தது மட்டும் பறக்கல.

சில்லைத் திருப்பி மேசையில வச்சா. ரெண்டு காசு கனம்தான். ஒரு பக்கம் மை பேனாவுல: மூணு, அஞ்சு.

"மூணாம் நம்பர், அஞ்சாவது சுத்து. அந்தச் சுத்துல இருந்த காலு இது. அடுத்த சுத்துக்கு அறுத்துட்டாங்க. இந்தக் கட்டிடத்துல இருக்கிற எல்லா ஜன்னல்லயும் இருக்கு. எந்த நாற்காலி எந்தச் சுத்துல எவ்வளவு குட்டைன்னு கண்டுபிடிக்கலாம் மேடம். யாரு எந்த நாற்காலியில உக்காந்தாங்கன்னு பாரத்துல இருக்கு. கணக்கைத் திருத்தலாம். கோடு இந்த மாதிரி விழாம இருக்கலாம், விழவும் செய்யலாம். எதுவா இருந்தாலும் அது காலோட கோடா இருக்கும், நாற்காலியோட கோடா இருக்காது."

கணக்குப்புலி சில்லைக் கையில எடுத்தான். "திருத்த முடியும் மேடம்"னான், ரொம்பச் சின்னக் குரல்ல. டாக்டரம்மா அவனைப் பாத்த பார்வையில அவன் சில்லைத் திரும்ப வச்சுட்டான்.

"நாற்காலியை எடுத்துட்டுப் போ," டாக்டரம்மா சொன்னாங்க. "உறையை வச்சுட்டுப் போ."

"திருப்பித் தரணும்னு சொல்லியிருக்காங்க மேடம்."

"எனக்குத் தெரியும். வச்சுட்டுப் போ."

வெள்ளிக்கிழமை கமிட்டி வந்துச்சு. நாலு பேர், நாலு கறுப்புப் பை. நத்தை கையெழுத்துப் போட வேண்டிய தாளை அப்படியே கொடுத்துட்டா, கையெழுத்துக்கான இடத்துல ஒரே வரி எழுதி: நாற்காலி உயரம் நாப்பத்தொண்ணேகால் சென்டிமீட்டர், முதல் சுத்துல இருந்தது நாப்பத்தஞ்சு. எழுதினதுக்கு அடியில பேரைப் போட்டா. அதுக்கு மட்டும்.

அப்புறம் தாழ்வாரத்துல உக்காந்து நகத்தைக் கடிச்சா. உள்ள என்ன நடந்துச்சுன்னு கணக்குப்புலி வெளிய வந்துதான் சொன்னான். "கோட்டைக் காட்டவே இல்ல நத்தை. சுவத்துல இருந்து காலையிலயே கழட்டிட்டாங்க. அந்தப் பொட்டுத் துணியைத்தான் மேசை மேல போட்டாங்க. 'இதைத் தச்சவங்க எங்க நானூத்திப் பதினேழாவது ஆளு. எங்க தப்பை எங்களுக்கு முன்னாடி அளந்து வச்சவங்க'ன்னு ஆரம்பிச்சாங்க. அதுல ஒருத்தருக்கு முகம் சுண்டிப் போச்சு. இன்னொருத்தர் ஜன்னல்ல இருந்த சில்லையெல்லாம் போய்ப் போய்ப் பிடுங்கிப் பாத்தார், சின்னப் பிள்ளை மாதிரி."

"பணம்?"

"பத்து வருஷமெல்லாம் இல்ல. முதல்ல திருத்திக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்னுட்டாங்க."

டாக்டரம்மா அவளைக் கூப்பிடல. சாயங்காலம் கடுதாசி மட்டும் வந்துச்சு, ரிப்பேர் அண்ணன் கையில. கையெழுத்து விழுந்திருந்துச்சு. ரெண்டு வருஷம்னு அடிச்சிருந்ததைப் பேனாவால குறுக்கே வெட்டி, மூணு மாசம்னு எழுதியிருந்தாங்க. கூடவே அந்த நீலத்துணி உறை, நாலா மடிச்சு.

"மூணு மாசமா?" அக்கா கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "மூணு மாசம் கழிச்சு?"

"தெரியாதுக்கா. நாலு நாற்காலியோட சில்லையெல்லாம் தேடி அளந்து, எங்கெங்க 'முடியாதவர்'னு எழுதினோமோ அங்கெல்லாம் மறுபடி போக மூணு மாசம் வேணும். அதுக்குள்ள அனுப்பினா, பாதியில விட்டது டாக்டரம்மாதான்."

"பேச்சைப் பாரு. இங்க வரும்போது இந்த வாய் எங்க இருந்துச்சு?" அக்கா கடுதாசியை மடிச்சு அலமாரியில, அவளோட முக்கியமான காகிதங்களுக்கு நடுவுல வச்சா. "அம்மாகிட்ட வேலை இருக்குன்னு மட்டும் சொல்றேன். எத்தனை மாசம்னு கேட்டா லைன் கட்டாகிடும்."

திங்கக்கிழமை மறுபடி அதே பஸ், அதே டிரைவர், அதே கேள்வி. "ஆமாண்ணே," நத்தை சொன்னா, "உங்க சீட்டை நம்பி வர முடியுமா?" டிரைவர் வேகமா கியரைப் போட்டார். முதல் தடவையா சிரிச்சது அவ.

இந்தத் தடவை பையில நாலு மரக்கட்டை கூடுதலா இருந்துச்சு. ரிப்பேர் அண்ணன் ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து செதுக்கினது. ஒவ்வொண்ணுலயும் ஒரு குழி, நாற்காலிக் கால் உள்ள உக்காந்து ஆடாம நிக்கிற மாதிரி. கொடுக்கும்போது ஒவ்வொண்ணையும் துடைச்சுக் கொடுத்தார்.

தையல்காரம்மா முதல்ல உறையைத்தான் வாங்கிப் பாத்தாங்க. அழுக்கு இருக்கான்னு. அப்புறம் நாடாவை நீட்டினாங்க. கட்டை மேல நின்ன நாற்காலி பதினேழே முக்கால். உறையை மாட்டிப் பாத்தாங்க. பாவாடை தரையைத் தொட்டும் தொடாம நின்னுச்சு. ஒரு தடவை சுத்தி வந்து பாத்துட்டு அவங்களே கழட்டினாங்க.

"எதுவும் போடக் கூடாது. எனக்குத் தெரியும் உங்க விதி."

உக்காந்தாங்க. கையை நெஞ்சுல மடக்கினாங்க.

"தயாரா? எழுந்திரிங்க."

ஒண்ணு. ரெண்டு. மூணாவதுல தொடை நடுங்குச்சு. நத்தை பல்லைக் கடிச்சுக்கிட்டு ஸ்டாப்வாட்சை மட்டும் பாத்தா. வாயில வந்த வார்த்தையை முழுங்கினா. மூணு. நாலு. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல தையல்காரம்மா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாங்க. அதை எழுதறதுக்கு பாரத்துல இடம் கிடையாது. அஞ்சு.

இருபத்து மூணு செகண்டு. போன தடவையைவிட அஞ்சு செகண்டு கூடுதல். காலுக்கும் வயசாகியிருக்கு, யாரு இல்லன்னா? அதுக்கு ஆன வயசு மட்டும்தான் ஆகியிருக்கு.

"நன்றி. இந்தச் சோதனை..."

"இரு." தையல்காரம்மா மூச்சு வாங்கிக்கிட்டு மறுபடி உக்காந்தாங்க. கையை மறுபடி மடக்கினாங்க.

"அஞ்சு போதும்மா. விதி அஞ்சுதான்."

"அது உங்க விதி."

எழுந்தாங்க. மெதுவா, முனகிக்கிட்டே, ஆனா கையை ஊனாம, முழுசா எழுந்து, நிமிர்ந்து நின்னாங்க. நின்னுக்கிட்டே சொன்னாங்க. "இதையும் எழுது."

பாரத்துல அஞ்சு கட்டம்தான் இருந்துச்சு. நத்தை அஞ்சையும் நிரப்பினா, நாற்காலி உயரத்தை எழுதினா. அப்புறம் கோட்டுக்கு வெளிய, ஓரத்துல, இன்னொரு கட்டத்தைக் கையாலயே போட்டு, அதுக்குள்ள ஆறுன்னு எழுதி, அதுக்குக் கீழ தன் பேரை முழுசா எழுதிக் கையெழுத்துப் போட்டா.